ஒரு நாள் கூடினால் நாடு போகும்: குடியேறிகளும் குற்றப் பதிவும்

1988-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சண்டை. அதில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டார். கேஸ் நீதிமன்றம் போனது. முடியை இழுத்தவர் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு எழுதி, அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். ஒரு நாள்கூட உள்ளே இருக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்கக் குடும்பம் தத்தெடுத்ததால் கைக்குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா வந்தவர். கிரீன் கார்டு இருந்தது, குடியுரிமை மட்டும் வாங்காமல் விட்டுப்போயிருந்தது. பல ஆண்டு கழித்து, சரி, அதையும் முடித்துவிடலாம் என்று விண்ணப்பித்தார். 1999-இல் அவர் கைக்கு வந்தது நாடுகடத்தல் நோட்டீஸ்.

முடியை இழுத்ததற்கு நாடுகடத்தலா என்று கேட்கத் தோன்றும். 1988-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 1996-இல் சட்டம் மாறியது. மாறிய சட்டம் பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். தீர்ப்புத் தாளில் 'ஓராண்டு' என்று இருந்தது, அது போதுமானதாகிவிட்டது. 2000-இல் ஜார்ஜியாவின் மன்னிப்பு வாரியம் மன்னிப்பு வழங்கியதால் அவர் தப்பினார். அவருடைய கதை செய்தித்தாள்களில் வந்தது, வாரியத்தின் கண்ணில் பட்டது. செய்தியாகாத ஆட்களுக்கு அந்த வாய்ப்பு அரிது.

குற்றப் பதிவு உள்ளவருக்குக் குடியுரிமை கிடைக்குமா என்று கேட்டால், பெரிய குற்றமென்றால் கிடைக்காது, சின்னதென்றால் ஒன்றும் ஆகாது என்றுதான் பலரும் சொல்வார்கள். பொதுவாக அது தவறில்லை. ஆனால் எது பெரிது, எது சின்னது என்று குடிவரவுச் சட்டம் அளக்கும் விதம் வேறு. நடந்த சம்பவத்தைவிட நீதிமன்றத் தாள்தான் அதற்கு முக்கியம். எந்தப் பிரிவில் வழக்கு, அந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை என்ன, விதித்தது எவ்வளவு, ஆள் ஒப்புக்கொண்டாரா, இவற்றைத்தான் பார்க்கும். இதனால் பலருடைய குடியுரிமை, அவர்கள் விண்ணப்பம் போடுவதற்குப் பல ஆண்டு முன்பே, ஏதோ ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. முடிவானது அன்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நாடுகடத்தல் ஏன் தண்டனைக் கணக்கில் வராது?

இதற்கெல்லாம் வேர் 1893-இல் இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற்றலாம் என்று அமெரிக்கா முந்தைய ஆண்டு ஒரு சட்டம் போட்டிருந்தது. ஃபாங் யூ டிங் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. நாடுகடத்தல் என்பது குற்றத்துக்கான தண்டனை அல்ல, தன் மண்ணில் யார் இருக்கலாம் என்று அரசு எடுக்கும் நிர்வாக முடிவு மட்டுமே என்று சொன்னது. மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். பெரும்பான்மை சொன்னதே நிலைத்தது.

ஏட்டுக்கு அது ஒரு வரி. நடைமுறையில் அந்த ஒரு வரியிலிருந்து எல்லாம் இறங்கி வருகின்றன. தண்டனை இல்லை என்பதால், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இங்கே பேசாது. செய்தபோது இல்லாத விளைவைப் பின்னால் ஏற்றக் கூடாது என்ற விதியும் பேசாது. அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமையும் கிடையாது. கடையில் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஆறு மாதச் சிறை அபாயத்தில் இருக்கும் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. அதே ஆள் வாழ்நாள் முழுக்க வெளியேற்றப்படும் அபாயத்தில் குடிவரவு நீதிமன்றத்தில் நிற்கும்போது காசு இருந்தால்தான் வக்கீல். சட்டம் படித்தவர்களுக்கு இது பழகிவிட்ட விஷயம். எனக்கு இன்னும் பழகவில்லை.

1980-கள் வரை இந்தக் கத்தி பெரும்பாலும் உறையில்தான் இருந்தது. 1988-இல் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக 'அக்ரவேட்டட் ஃபெலனி' (நாடுகடத்தலுக்குரிய மிகக் கடுமையான குற்றம்) என்ற வகையை உருவாக்கினார்கள். அதில் கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் என்று மூன்றே குற்றங்கள். யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்திருக்காது. 1996-இல் அந்தப் பட்டியல் ஊதிப் பெருத்தது. திருட்டும் வன்முறைக் குற்றமும் ஐந்தாண்டுத் தண்டனை இருந்தால்தான் பட்டியலில் சேரும் என்று இருந்ததை ஓராண்டாகக் குறைத்தார்கள். மோசடி வழக்கில் இழப்பு 2,00,000 டாலரைத் தாண்ட வேண்டும் என்றிருந்தது 10,000 டாலர் ஆனது. மாநிலச் சட்டம் சிறு குற்றம் என்று வகைப்படுத்திய வழக்கும் இதில் மாட்டலாம். மாட்டினால் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அநேகமாக எல்லாக் கதவும் அடைப்பு. எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தீர்கள், பிள்ளைகள் குடிமக்களா, திருந்திவிட்டீர்களா என்று நீதிபதி எடைபோடவே வழியில்லை. 1990 நவம்பர் 29-க்குப் பிந்தைய தீர்ப்பாக இருந்தால் குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை' நிபந்தனையிலும் நிரந்தரமாகத் தோல்விதான்.

நாள் கணக்கு

ஓராண்டு என்றால் 365 நாள். 364 நாள் தண்டனை ஓராண்டு ஆகாது. இந்த ஒரு நாளுக்குள் எத்தனையோ குடும்பங்களின் தலைவிதி அடங்கியிருக்கிறது.

சிறையில் கழித்த நாளைச் சட்டம் எண்ணுவதில்லை, தாளில் எழுதிய நாளை எண்ணுகிறது. 1996 திருத்தப்படி நிறுத்திவைத்த தண்டனையும் முழுத் தண்டனைதான். ஒருவருக்குத் திருட்டு வழக்கில் 365 நாள் விதித்து அத்தனையையும் நிறுத்திவைத்தால் அவர் அக்ரவேட்டட் ஃபெலனிக்காரர். இன்னொருவர் அதே குற்றத்துக்கு 364 நாள் வாங்கி, அத்தனை நாளும் சிறையிலேயே கிடந்தால் அந்தப் பட்டியலில் வரமாட்டார். குற்றவியல் நீதிபதியின் பார்வையில் முதலாமவருக்குக் காட்டியது கருணை. குடிவரவு அதிகாரியின் மேசைக்கு வரும்போது அது தலைகீழாகிவிடுகிறது.

மாநிலங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. வாஷிங்டன் மாநிலம் 2011-லும், கலிஃபோர்னியா 2015-லும், நியூயார்க் 2019-லும் சிறு குற்றங்களுக்கான அதிகபட்சத் தண்டனையை ஓராண்டிலிருந்து 364 நாளாகக் குறைத்தன. காரணம் வெளிப்படையானது. விதித்த தண்டனையைப் போலவே விதிக்கக்கூடிய அதிகபட்சமும் குடிவரவுச் சட்டத்தில் கணக்கில் வருகிறது. ஒழுக்கக்கேடான குற்றம் என்று வகைப்படுத்தப்படும் திருட்டு, மோசடி போன்றவற்றை, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் ஒருவர் செய்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ விதிக்க முடியும் என்றிருந்தால் நாடுகடத்தலாம். உண்மையில் நூறு டாலர் அபராதத்தோடு விட்டிருந்தாலும் சரி. கலிஃபோர்னியா தன் திருத்தம் பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று பின்னால் சேர்த்தது. குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2018-இல் அதை ஏற்க மறுத்தது: தீர்ப்பு வந்த அன்று அதிகபட்சம் என்னவோ அதுதான் கணக்கு. 1996-இல் பின்னோக்கிப் பாயும் சட்டம் செல்லும், மாநிலம் கருணையோடு பின்னோக்கித் திருத்தினால் மட்டும் செல்லாது. இதற்குச் சட்டரீதியான விளக்கம் இருக்கிறது. நியாயமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்கா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் சிறை விதித்தாலோ, குற்றத்தின் அதிகபட்சம் பத்தாண்டு என்றிருந்தாலோ அது 'கடுமையான குற்றம்'. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை என்றால் வெளியேற்ற ஆணைக்கு எதிரான மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும். இந்த எல்லை முன்பு இரண்டாண்டாக இருந்தது. அப்போது வியட்நாமில் பிறந்த ஃபாம் என்பவருக்குக் கஞ்சா வழக்கில் சரியாக இரண்டாண்டு விதித்தார்கள். இரு தரப்பு வக்கீல்களும் பேசி ஒத்துக்கொண்ட தண்டனை அது. அதன் குடிவரவு விளைவு பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 2013 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் அதை 'இரண்டாண்டுக்கு ஒரு நாள் குறைவு' என்று மாற்றியது. தண்டனை விதிக்கும்போது நாடுகடத்தல் விளைவையும் நீதிபதி எண்ணிப் பார்க்கலாம், ஆனால் அதற்காகக் குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை தரக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. மூன்றே மாதத்தில் நாடாளுமன்றம் எல்லையை ஆறு மாதமாக இறக்கிவிட்டது.

எண்ணும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 2007 சட்டப்படி, குடிமகன் அல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை என்றால் நாடுகடத்தல் ஆணை தானாகவே வர வேண்டும். ஆனால் அடுத்தடுத்து அனுபவிக்க வேண்டிய சிறிய தண்டனைகளைக் கூட்டி 12 மாதம் ஆக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொன்னது. ஆஸ்திரேலியா நேரெதிர். அங்கே 12 மாத எல்லையைக் கணக்கிடத் தண்டனைகளை எல்லாம் கூட்ட வேண்டும், ஒரே நேரத்தில் அனுபவிக்கிற தண்டனைகளைக்கூட. ஏழு மாதம், ஐந்து மாதம் என இரண்டு தண்டனைகளை ஒன்றாகக் கழித்துவிட்டு ஏழாம் மாதம் வெளியே வருகிறவர், குடிவரவுச் சட்டத்துக்குப் பன்னிரண்டு மாதக் கைதி. ஜெர்மனியோ மாதத்தைவிட அபராதத்தை நுணுக்கமாகப் பார்க்கிறது. அங்கே அபராதத்தை நாள் கணக்கில் விதிப்பார்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது ஆளின் வருமானத்தைப் பொறுத்தது. மொத்தம் 90 நாள் அபராதம் வரை, அல்லது நிறுத்திவைத்த மூன்று மாதச் சிறை வரை, குடியுரிமைக்குப் பொதுவாகத் தடையில்லை. இனவெறி, யூத வெறுப்பு போன்ற நோக்கம் கொண்ட குற்றம் என்றால் இந்தச் சலுகை கிடையாது.

ஆஸ்திரேலியாவில் 2014 டிசம்பரிலிருந்து இன்னொரு படி ஏறினார்கள். ஒரே தண்டனையாக 12 மாதமோ அதற்கு மேலோ வாங்கிச் சிறையில் இருப்பவரின் விசா கட்டாயமாக ரத்து. அதன்பிறகு, ரத்து செய்ததைத் திரும்பப் பெறுங்கள் என்று ஆள்தான் கேட்க வேண்டும். சிறுவயதிலேயே ஆஸ்திரேலியா வந்து, அங்கேயே பள்ளி சென்று, அங்கேயே கெட்டுப்போன நியூசிலாந்துக்காரர்கள் பலர் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2020-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் சிட்னியில், ஆஸ்திரேலியப் பிரதமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உங்கள் ஆட்களையும் உங்கள் பிரச்சினைகளையும் எங்களிடம் அனுப்பாதீர்கள் என்று சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு சமூகம் வளர்த்த ஆளை, பிறந்த இடத்தைக் காட்டி வேறொரு சமூகத்தின் தலையில் கட்டுவதுதான் இந்த ஏற்பாடு.

காலுறைக்குள் நான்கு மாத்திரை

போதைப்பொருள் விஷயத்தில் எல்லா நாடும் கடுமை காட்டும், அமெரிக்காவின் கடுமை தனி ரகம். மெல்லூலி வழக்கு நல்ல உதாரணம். துனிசியாவில் பிறந்து, மாணவராக வந்து, நிரந்தரக் குடியிருப்பாளராகி, பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். 2010-இல் கன்சாஸ் மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிபட்டார். காவலில் வைத்திருந்தபோது காலுறைக்குள் நான்கு ஆரஞ்சு நிற மாத்திரைகள் அகப்பட்டன. கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் ஆடெரால்தான் அது, ஆனால் இவரிடம் மருந்துச் சீட்டு இல்லை. கடைசியில் 'போதைப்பொருளுக்கான உபகரணம்' வைத்திருந்ததாக வழக்கைக் குறைத்துக்கொண்டார்கள். உபகரணம் எது? அந்தக் காலுறை. தண்டனை 359 நாள், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அதை வைத்து அவரை 2012-இல் நாடுகடத்தியும் விட்டார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அது செல்லாது என்றது. கன்சாஸின் போதைப்பொருள் பட்டியலும் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) பட்டியலும் ஒன்றல்ல. எந்தப் பொருள் என்று தீர்ப்புத் தாளில் குறிப்பிடாதபோது அதை வைத்து நாடுகடத்த முடியாது என்பது காரணம். ஜெயித்தது என்னவோ ஜெயித்தார், ஆனால் அந்நேரம் ஆள் நாட்டில் இல்லை.

கஞ்சா இன்னும் குழப்பமானது. பல மாநிலங்களில் கடையில் போய் ரசீதோடு வாங்கலாம். கூட்டரசுச் சட்டத்தில் இன்னும் குற்றம். குடிவரவு கூட்டரசின் வேலை. ஆகவே மாநிலச் சட்டப்படி எந்தத் தவறும் செய்யாமல், கைதாகாமல், வழக்கே இல்லாமல், நேர்காணலில் "ஆமாம், பிடித்திருக்கிறேன்" என்று சொன்னதே நன்னடத்தைக்கு எதிராகப் போகலாம். இதை 2019-இல் குடியுரிமைத் துறை வெளிப்படையாகவே அறிவித்தது. கஞ்சாக் கடையில் சட்டப்படி வேலை பார்ப்பதும் அதே கணக்குதான்.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது வெளிநாட்டுப் பயணம். நாட்டிலிருந்து வெளியேற்றுவதற்கு ஒரு பட்டியல், நாட்டுக்குள் விடாமல் இருப்பதற்கு வேறொரு பட்டியல். இரண்டும் முழுக்கப் பொருந்தாது. தன் உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்ததாக ஒரே ஒரு தீர்ப்பு உள்ள கிரீன் கார்டுக்காரரை, உள்ளே இருக்கும்வரை அந்தக் காரணத்துக்காக நாடுகடத்த முடியாது. அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளிநாடு போய்த் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் கைரேகை வைத்ததும் பழைய தீர்ப்பு திரையில் வரும். இப்போது அவர் புதிதாக நுழைய அனுமதி கேட்பவர் என்றே சட்டம் கருதும். உள்ளே விடாத பட்டியலில் 30 கிராம் விலக்கு இல்லை. விலக்கு வேண்டுமென்றால் தனியாக மனுப் போட வேண்டும். பத்தாண்டு நிம்மதியாக இருந்தவர் இரண்டு வார விடுமுறையில் சிக்கிக்கொள்வது இப்படித்தான். கிரீன் கார்டைப் புதுப்பிக்கக் கைரேகை கொடுக்கும்போதும் பழையது கிளம்பும்.

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கனடா 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான அதிகபட்சத் தண்டனையை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்த்தியது. சாலைப் பாதுகாப்புக்காகச் செய்த திருத்தம். ஆனால் மேலே சொன்ன பத்தாண்டு எல்லையை அது தொட்டுவிட்டதால், முதல் தடவை மாட்டி 1,000 டாலர் அபராதத்தோடு தப்பிய நிரந்தரக் குடியிருப்பாளரும் இப்போது கடுமையான குற்றம் செய்தவர் ஆகிறார். அமெரிக்காவில் 2019 முதல், நன்னடத்தை பார்க்கும் ஐந்தாண்டுக் காலத்துக்குள் இப்படி இரண்டு தீர்ப்பு இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை, எனக்கு உண்டு என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பாடு.

"ஒப்புக்கொள், வீட்டுக்குப் போகலாம்"

அமெரிக்காவில் குற்றத் தீர்ப்புகளில் ஏறத்தாழ 95 சதவீதம் விசாரணை நடந்து வருவதில்லை. ஆள் ஒப்புக்கொண்டு வருபவை. அரசு வக்கீல் ஒரு பேரம் வைப்பார், எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கட்சிக்காரரிடம் சொல்வார். ஜெயில் இல்லை, ஆறு மாதம் புரொபேஷன் (சிறைக்கு வெளியே கண்காணிப்பு), இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். உள்ளூர்க் குடிமகனுக்கு அது நல்ல பேரமாக இருக்கலாம். குடியேறிக்கு, சிறையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வேறு பிரிவில் ஒப்புக்கொள்வது எவ்வளவோ மேல் என்ற நிலை வரும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லக் குற்றவியல் வக்கீலுக்குக் குடிவரவுச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நெடுங்காலம் அது அவர் வேலையே இல்லை என்றிருந்தது.

ஹோசே படீயா வழக்கு அதை மாற்றியது. ஹொண்டுராஸில் பிறந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகச் சேவை செய்தவர், நாற்பது ஆண்டுக்கு மேல் நிரந்தரக் குடியிருப்பாளர். கென்டக்கியில் லாரியில் கஞ்சா கொண்டுபோனதாக வழக்கு. இவ்வளவு காலம் இங்கே இருந்துவிட்டீர்கள், குடிவரவுச் சிக்கல் பற்றிக் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னாராம். அதை நம்பி ஒப்புக்கொண்டார். அந்தப் பிரிவில் நாடுகடத்தல் ஏறக்குறைய நிச்சயம் என்பது சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலே தெரியும். 2010 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தல் ஆபத்தைச் சொல்ல வேண்டியது குற்றவியல் வக்கீலின் கடமை, அது அரசியல் சாசன உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. நாடுகடத்தல் தண்டனை இல்லை என்ற 1893 நிலைப்பாட்டை நீதிமன்றம் கைவிடவில்லை. ஆனால் குற்றத் தீர்ப்பிலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பது இனி கஷ்டம் என்று ஒத்துக்கொண்டது. மூன்றாண்டு கழித்து, அந்தத் தீர்ப்புக்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. எனவே பழைய பேரங்களில் மாட்டியவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

சரி, வழக்கையே அழித்துவிட்டால்? பல மாநிலங்களில் புரொபேஷனை ஒழுங்காக முடித்தால் தீர்ப்பை நீக்கிவிடுவார்கள், வேலைக்குப் போகும்போது சொல்லத் தேவையில்லை. குடிவரவுத் துறைக்கு அது நீங்கவே இல்லை. ஒப்புக்கொண்டதும், ஏதோ ஒரு வகையில் கட்டுப்படுத்தியதும் சேர்ந்தால் தீர்ப்பு என்று 1996 சட்டமே வரையறுக்கிறது. நீதிபதி குற்றவாளி என்று எழுதாமல் ஒத்திவைத்திருந்தாலும் அதே கதை. நடைமுறைக் கோளாறு, வக்கீலின் தவறு போன்ற சட்டக் காரணத்துக்காகத் தீர்ப்பை ரத்து செய்தால் அது செல்லும். நாடுகடத்தாமல் காப்பாற்றுவதற்காகவோ, திருந்திவிட்டார் என்பதற்காகவோ ரத்து செய்தால் செல்லாது. ஆளுநரின் முழு மன்னிப்பு பல குற்றங்களுக்கு உதவும், போதைப்பொருளுக்கு உதவாது. பிரிட்டனிலும் குறிப்பிட்ட காலம் கழிந்தால் பழைய தண்டனை காலாவதியாகும் சட்டம் உண்டு. 2012 அக்டோபரிலிருந்து குடிவரவு, குடியுரிமை முடிவுகளுக்கு அது பொருந்தாது. கனடா மட்டும் கொஞ்சம் இளக்கம். அங்கே பெற்ற தண்டனைக்குப் பதிவு நிறுத்தம் (பழைய குற்றப் பதிவைத் தனியே ஒதுக்கிவைக்கும் ஆணை) வாங்கிவிட்டால் அதை வைத்து உள்ளே விடாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுத் தண்டனைக்கு, அனுபவித்து முடித்து ஐந்தாண்டு கழித்து, திருந்திவிட்டேன் என்று மறுவாழ்வு மனுப் போடலாம்.

தீர்ப்பே வராத கைதுகள் தனி விஷயம். அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவம், எப்போதாவது, உலகில் எங்காவது கைதாகியிருக்கிறீர்களா என்று கேட்கிறது. பிடிபடாமலே செய்த குற்றத்தையும் கேட்கிறது. சொன்னால் தோற்றுவிடுவோமோ என்று மறைப்பவர்கள் உண்டு. ஒரு பழைய கைதைச் சொன்னால், கையில் வழக்குத் தள்ளுபடியான தாள் இருந்தால், பெரும்பாலும் கடந்துபோய்விடும். மறைத்தால் பொய் சொன்னதே தனிக் குற்றமாகி, முன்பு ஒன்றுமில்லாத இடத்தில் நிஜச் சிக்கல் முளைக்கும். குடியுரிமை வாங்கிப் பல ஆண்டு ஆன பிறகும் அதைப் பறிக்க வழக்குப் போடலாம். சொன்ன பொய் குடியுரிமை கிடைத்ததற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று 2017-இல் மஸ்லென்யாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது. வரம்பு இருக்கிறதே தவிர ஆபத்து போகவில்லை. கனடாவில் தவறான தகவலுக்கு ஐந்தாண்டுத் தடை.

2025-இல் அமெரிக்காவில் காற்று இன்னும் எதிராகத் திரும்பியது. ஜனவரியில் கையெழுத்தான லேக்கன் ரைலி சட்டப்படி, முறையான அனுமதியில்லாமல் இருப்பவர் கடைத்திருட்டு, வீடு உடைப்பு போன்றவற்றில் கைதானாலே கட்டாயக் காவல். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். ஆகஸ்டில் குடியுரிமைத் துறை, நன்னடத்தை என்பது குற்றம் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல என்று தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. விண்ணப்பதாரர் சமூகத்துக்குச் செய்த நல்லதையும் பார்க்கச் சொல்கிறது, திரும்பத் திரும்பப் போக்குவரத்து விதி மீறுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதிகாரியின் கை ஓங்கியிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

கோப்பில் எதையும் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது, தன் பதிவைத் தானே பார்ப்பது. அமெரிக்காவில் யாரும் தன் கைரேகையை எஃப்.பி.ஐ.-க்கு அனுப்பித் தன் பதிவை வாங்கலாம். கைது மட்டும் அதில் இருக்கும், வழக்கு என்ன ஆயிற்று என்பது பல சமயம் இருக்காது. அதனால் அந்தந்த நீதிமன்றத்திலிருந்து சான்றளித்த முடிவுத் தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்; நீக்கப்பட்ட வழக்கு என்றாலும் வாங்க வேண்டும், முடிந்தால் நீக்குவதற்கு முன்பே. பழைய கோப்புகளை அழித்துவிட்ட நீதிமன்றங்கள் உண்டு. அப்படியென்றால், தேடினோம், பதிவு இல்லை என்று எழுத்தர் அலுவலகத்தின் முத்திரையோடு ஒரு கடிதம். வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்குக் காவல்துறைச் சான்றிதழ் தனி: ஆஸ்திரேலியா கடந்த பத்தாண்டில் மொத்தம் பன்னிரண்டு மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்கும், கனடா தொடர்ந்து ஆறு மாதம் இருந்த நாட்டுக்கே கேட்கும். இந்தத் தாள்களையெல்லாம் குற்றவியலும் குடிவரவும் இரண்டும் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, விண்ணப்பம் போடுவதா, இன்னும் சில ஆண்டு பொறுப்பதா, போடாமலே இருப்பதா என்று அவரைக் கேட்கலாம். சிலருக்குக் கிரீன் கார்டோடு சும்மா இருப்பதே பாதுகாப்பு என்ற பதில்தான் வரும்.